வாயு விரிகிறது, சரி. எந்த வழியில்?

மேல்நிலை இயற்பியல் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

“ஒரு மோல் ஓரணு நல்லியல்பு வாயு 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குச் சூடேற்றப்படுகிறது. வாயு விரிகிறது. அது செய்த வேலையைக் காண்க.” இதே அச்சில் வார்த்த கேள்விகளை நீங்கள் விடாமல் கேட்டுவருகிறீர்கள். எண்கள் மாறும், ஹீலியம் போய் ஆர்கான் வரும். ஆனால் விரியும்போது அழுத்தம் என்ன ஆனது என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இருக்காது. விடைக்குறிப்பில் மாத்திரம் 831 ஜூல் என்று அடித்துச் சொல்லியிருப்பீர்கள்.

அழுத்தம் மாறவில்லை என்று நீங்கள் மனத்துக்குள் வைத்துக்கொண்டதால் வந்த விடை அது. கேள்வியை அப்படியே படிக்கிற மாணவருக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: அகஆற்றல், அதாவது வாயு தனக்குள் வைத்திருக்கும் ஆற்றல், ஏறத்தாழ 1,247 ஜூல் கூடியிருக்கிறது. நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளும் மாதிரி வாயு) அகஆற்றலுக்கு வெப்பநிலை ஒன்றே கணக்கு. தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும், நடுவில் என்ன நடந்தாலும் அந்த எண் அசையாது. வேலையும் வெப்பமும் அப்படியல்ல. பருமனைப் பூட்டிவைத்துச் சூடேற்றினால் வேலை சுழி, 1,247 ஜூல் வெப்பமே போதும். அழுத்தத்தை மாறாமல் வைத்தால் 2,078 ஜூல் வேண்டும். அதில் 831 பிஸ்டனைத் தள்ளுவதிலேயே போய்விடும். முதலில் பூட்டிவைத்துச் சூடேற்றி, பிறகு அதே வெப்பநிலையில் மெல்ல விரியவிட்டால், எவ்வளவு தூரம் விரியவிடுகிறோமோ அதைப் பொறுத்து வேலை எவ்வளவாகவும் இருக்கலாம். வழியைச் சொல்லாத கேள்விக்கு எண்ணற்ற விடைகள் உண்டு. (அந்த 831 ஜூலை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. 1842-ல் ஜெர்மானிய மருத்துவர் யூலியுஸ் ராபர்ட் மேயர் வெப்பத்துக்கு ஈடான வேலையை மதிப்பிட்டது, அழுத்தம் மாறாதபோதும் பருமன் மாறாதபோதும் காற்றுக்குள்ள இரண்டு தன்வெப்பங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டுதான்.)

எல்லாக் கேள்வியிலும் அழுத்தம் மாறாது என்றே பழக்கிவிட்டதன் விளைவை, வெப்பம் கொடுத்தால் வெப்பநிலை ஏறியே தீரும் என்று மாணவர்கள் எழுதுவதில் பார்க்கலாம். பின்வரும் நிகழ்வைக் கொடுத்துப் பாருங்கள். ஓர் ஓரணு வாயு 4 லிட்டர், 2,00,000 பாஸ்கல், 400 கெல்வினில் இருக்கிறது. அழுத்தம்–பருமன் வரைபடத்தில் நேர்கோட்டில் இறங்கி, 5 லிட்டர், 1,50,000 பாஸ்கலுக்கு மெதுவாக வந்து சேர்கிறது. அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் தொடக்கத்தில் 800 ஜூல், முடிவில் 750 ஜூல். அதே விகிதத்தில் வெப்பநிலையும் 375 கெல்வினுக்கு இறங்கிவிடுகிறது. ஓரணு வாயுவின் அகஆற்றல் இந்தப் பெருக்குத்தொகையில் ஒன்றரை மடங்கு. ஆகவே 1,200-லிருந்து 1,125-க்கு, அதாவது 75 ஜூல் குறைந்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைப் பார்த்தால் வாயு செய்த வேலை 175 ஜூல். அகஆற்றல் தந்தது 75தானே? மீதி 100 ஜூல் வெளியிலிருந்து வெப்பமாக உள்ளே வந்திருக்கிறது.

வெப்பம் உள்ளே போகிறது, வாயு குளிர்கிறது. எந்த விதியும் மீறப்படவில்லை. அந்தப் பாதையில் எந்த இடத்திலும் வாயு வெப்பத்தை வெளியே விடவுமில்லை. சரியாக 5 லிட்டரைத் தாண்டிய பிறகுதான், அதே கோட்டில் நிற்க வேண்டுமானால் வாயுவிலிருந்து வெப்பத்தை எடுக்க வேண்டியிருக்கும். பெருக்கலும் முக்கோணப் பரப்பும் தெரிந்தவர் போடக்கூடிய கணக்கு இது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி (கொடுத்த வெப்பம், அகஆற்றல் மாற்றமும் வாயு செய்த வேலையும் சேர்ந்த கூட்டுத்தொகைக்குச் சமம் என்பது) உண்மையில் புரிந்திருக்கிறதா என்று இந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். இதைக் கேட்காமல் 831 ஜூலையே மறுபடி மறுபடி கேட்பது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த புகார் “திடீரென” என்ற சொல்லைப் பற்றியது. வெப்பப் பரிமாற்றம் இல்லை என்பதற்கு அதைக் குறியீடாக வைத்திருக்கிறீர்கள். அதோடு நின்றால் குறையில்லை. ஆனால் விடைக்குறிப்பில், பருமனின் காமா (இரண்டு தன்வெப்பங்களின் விகிதம்) அடுக்கை அழுத்தத்தால் பெருக்கினால் மாறிலி என்ற சமன்பாடு உடனே வந்துவிடுகிறது. அது மெதுவாக, ஒவ்வொரு கணமும் சமநிலையில் நடக்கும் விரிவுக்கு உரியது. வெப்பம் புகாத உருளையில் 400 கெல்வினில் உள்ள ஓரணு வாயுவின் மேலுள்ள அழுத்தத்தைச் சிறிது சிறிதாகப் பாதியாக்கினால் வெப்பநிலை 303 கெல்வினுக்கு வரும். வெளி அழுத்தத்தை ஒரே அடியாகப் பாதியாக்கி, வாயு தானாக விரிந்து அடங்கும் வரை விட்டால் 320 கெல்வினில் நிற்கும். தன்னைவிடக் குறைவான அழுத்தத்தை எதிர்த்தே தள்ளியதால் அது செய்த வேலை குறைவு, குளிர்ச்சியும் குறைவு. “திடீரென” என்று கேட்டுவிட்டு 303-க்கு மதிப்பெண் கொடுப்பது, சரியாக யோசித்த மாணவரைத் தண்டிப்பது.

எதிர்ப்பே இல்லாமல் வெற்றிடத்துக்குள் விரிந்தால் வேலையும் இல்லை. 1845-ல் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் செய்த சோதனையில், சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த காற்றை வெற்றுக் கலத்துக்குள் திறந்துவிட்டபோது, சுற்றியிருந்த நீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. உண்மையான காற்று சிறிதளவு குளிரத்தான் செய்யும். பின்னாளில் ஜூலும் இயற்பியலாளர் வில்லியம் தாம்சனும் நுண்துளை அடைப்பின் வழியே வாயுவைச் செலுத்திப் பார்த்தபோது அத்தகைய குளிர்ச்சி தெரியவந்தது. நல்லியல்பு வாயு என்ற இலக்கணத்துக்கு எல்லை உண்டு என்று மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடநூலில் அதற்கு நான்கு வரி ஒதுக்கலாம்.

குறி மரபைப் பற்றி நீட்டப் போவதில்லை. இயற்பியல் தாளில் வாயு செய்யும் வேலை நேர்க்குறி, வேதியியல் தாளில் வாயுவின் மீது செய்யப்படும் வேலை நேர்க்குறி. இரண்டும் சரியே. எது என்பதைத் தாளின் தலைப்பில் ஒரு வரியில் போட்டுவிடுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். வேலையையோ வெப்பத்தையோ கேட்கும் ஒவ்வொரு வினாவிலும் அழுத்தம் மாறாததா, பருமன் மாறாததா, வேறு பாதையா, மெதுவாகவா, ஒரே அடியாகவா என்று எழுதுங்கள். எழுத விட்டுப்போன தாளில், “பாதை தரப்படவில்லை, அகஆற்றல் மாற்றம் மட்டும் 1,247 ஜூல்” என்று ஒரு மாணவர் எழுதினால் அவருக்கு முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் சேருங்கள். அடுத்த தாள் அச்சுக்குப் போகும் முன்பே இதைச் செய்துவிடலாம்.

இப்படிக்கு,
வெப்ப இயக்கவியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்