மூன்றாவது பெயர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தியக் கால்பந்தின் பொற்காலம் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பி.கே. பானர்ஜிக்கு இரண்டு பத்தி, சுனி கோஸ்வாமிக்கு இரண்டு பத்தி, துளசிதாஸ் பலராமுக்கு வெறும் பெயர் மட்டும். "பி.கே., சுனி, பலராம்" என்று மூவரையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். மூன்றாவது பெயருக்கு வரும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கிவிடும் போலிருக்கிறது.

செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகுடாவில் 1936 அக்டோபர் 4 அன்று தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். தமிழ்ப் பத்திரிகையே அவரைத் தாண்டிப் போனால் வேறு யார் எழுதப் போகிறார்கள்? வீட்டில் வசதி கிடையாது. பயிற்சிக்குப் போய்வர சைக்கிள் வாடகைக்குக்கூடக் காசில்லை என்றபோது, பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமே அதைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். 20 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குப் போய்விட்டார். அங்கே இந்தியாவுக்கு 4-ஆம் இடம்.

அடுத்தது ரோம், 1960. முதல் ஆட்டமே ஹங்கேரியோடு. பிற்பாடு ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் ஆடிய அணி அது; அந்த ஒலிம்பிக்கில் வெண்கலமும் வென்றது. நாம் 1-2 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். ரோமுக்குப் பிறகு நம் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டித் தங்கம் எல்லோருக்கும் தெரியும். இறுதியில் தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். கோல் அடித்தவர்கள் பி.கே.வும் ஜர்னைல் சிங்கும், கேப்டன் சுனி. அதனால் நினைவில் நின்றவர்கள் அவர்கள். சரி, அது நியாயம்தான். ஆனால் முதல் ஆட்டத்தில் அதே தென்கொரியாவிடம் தோற்ற பிறகு, ஜப்பானை 2-0 என்று வென்றதில் ஒரு கோல் பலராமுடையது. அந்த ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தால் இறுதி ஆட்டம் ஏது? அணிக்கு எங்கே ஆள் வேண்டுமோ, இடது ஓரமோ நடுவிலோ, அங்கே நின்று ஆடியவர் அவர். அப்படி ஆடுபவர்களுக்குப் பெரும்பாலும் தனிப் பெயர் வருவதில்லை.

கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் கேப்டனாகவும் இருந்தார். 1962-இல் அர்ஜுனா விருது வந்தது. அப்புறம் நுரையீரல் நோய். 1963-இல், 27 வயதை ஒட்டி, ஆட்டம் முடிந்துவிட்டது. இன்றைய வீரர்கள் பலர் அந்த வயதில்தான் உச்சத்தைத் தொடுகிறார்கள்.

சுனிக்கு 1983-இல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990-இல். பலராமுக்குக் கடைசிவரை இல்லை. 2020-இல் மற்ற இருவரும் அடுத்தடுத்து மறைந்த பிறகு மூவரில் மிஞ்சியிருந்தவர் அவர்தான், அப்போதாவது கொடுத்திருக்கலாம். 2023 பிப்ரவரி 16 அன்று, 86 வயதில் கொல்கத்தாவில் காலமானார். அன்றைக்கு வந்த அஞ்சலிச் செய்திகளிலும் "பி.கே., சுனியோடு ஆடியவர்" என்றுதான் அறிமுகம்.

அவருக்கு விருது வாங்கித் தருவது உங்கள் கையில் இல்லை. வரும் அக்டோபர் 4 அன்று விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம் ஒதுக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது. ரோம் ஆட்டத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்