பிரசவ வார்டு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் மகள் பிறந்ததும் துடைத்தார்கள், எடை பார்த்தார்கள், துணியில் சுற்றித் தொட்டிலில் போட்டார்கள். எப்படித் தூக்குவது, எப்படிப் பால் கொடுப்பது என்று பொறுமையாகச் சொல்லியும் தந்தார்கள். இவள் உங்களைப் பார்க்கிறாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் இரவு அழாமல் விழித்துக் கிடந்தாள். மடியில் வைத்து, முகத்துக்கு நேரே குனிந்து சும்மா நாக்கை நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் நீட்டினேன். புருவம் சுருங்கியது, விரல்கள் விரிந்தன, வாய் கோணியது. நான் விட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் உதடுகளுக்கு நடுவே நாக்கு நுனி எட்டிப் பார்த்தது. அழுதுவிட்டேன்.

பிறகுதான் தேடிப் படித்தேன். 12 முதல் 21 நாள் வயதுக் குழந்தைகள் பெரியவர்களின் முகபாவத்தைத் திருப்பிச் செய்கின்றன என்று 1977-இல் மெல்ட்சாஃப், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். 1983-இல் அவர்கள் பார்த்த குழந்தைகளில் ஒன்று பிறந்து 42 நிமிடமே ஆனது. ஆனால் 2016-இல் 106 குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு, அப்படிப் போலச் செய்வதற்குச் சான்று இல்லை என்றது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் மகள் என்னைப் போலச் செய்தாளா, தற்செயலா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சரி, அது தீரட்டும். பச்சிளம் குழந்தை முகங்களை நாடுகிறது, அம்மாவின் குரலை அடையாளம் காண்கிறது என்பதற்கு அந்த விவாதத்தின் முடிவு தேவையில்லை.

உங்களிடம் கேட்பது இதுதான். பிரசவமான முதல் ஒரு மணி நேரம் தாயும் சேயும் நலமாக இருந்தால், குழந்தையைத் தாயின் நெஞ்சோடு விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொல்கிறது. எடையை அப்புறம் பார்க்கலாம். பல குழந்தைகள் நன்றாக விழித்திருக்கும் நேரம் அது.

வீட்டுக்கு அனுப்பும் முன், ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். பேசிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள், பதில் மெதுவாகத்தான் வரும். குழந்தை முகத்தைத் திருப்பினால், அதற்குக் கோபமில்லை, கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் நான் முதல் வாரம் முழுக்கக் கலங்கினேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்