அம்மா ரயிலில் வருவாள்

பொன்மலை,
திருச்சி.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் குட்டியும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே ‘சரிப்பா, வைக்கட்டுமாப்பா’ என்கிறாய். உனக்கு ஆபீஸ் வேலை இருக்கும், நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விவரம் எல்லாம் பாதியில் நின்றுபோகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவிடம் கொடுத்தனுப்பாமல் தபாலில் போடுகிறேன். அவள் வந்து சேருவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 14ஆம் தேதி ராத்திரி கிளம்பி, 15 காலையில் சிங்கப்பூரில் இறங்குகிறாள். நீ ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். லீவு போட வேண்டாம். டாக்சிக்கும் சொல்ல வேண்டாம். சாங்கி ஏர்போர்ட்டிலிருந்து உன் வீட்டுக்கு டாக்சி என்றால் முப்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் போய்விடும், ரயிலில் எனக்கு மூன்று வெள்ளிகூட ஆகவில்லை. போன வருஷம் நான் வந்த வழியிலேயே அவளும் வந்துவிடுவாள். ஒரு வாரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரே கோடாகப் போட்டு எல்லா ஸ்டேஷன் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மடித்துப் பர்ஸில் வைத்திருக்கிறாள். ராத்திரி படுக்கும்போது எடுத்துப் படிக்கிறாள்.

இமிகிரேஷனில் கேட்கிற அரைவல் கார்டு மூன்று நாளைக்கு முன்னால்தான் போட முடியும். அதை நானே இங்கே கம்ப்யூட்டர் கடையில் போட்டுவிடுகிறேன், காசு கிடையாது. நீ அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அவளுக்கு நான் சொல்லியிருப்பதை உனக்கும் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சொல். ரயில் ஸ்டேஷன் பூமிக்கு அடியில், இரண்டாவது டெர்மினலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். ஒன்றாவதில் இறக்கிவிட்டால், டெர்மினலுக்கு டெர்மினல் ஓடுகிற ஸ்கைட்ரெயினில் ஏறி வந்துவிடலாம், அதற்கும் காசு கிடையாது. கீழே போக லிஃப்ட் இருக்கிறது. அம்மாவுக்கு எஸ்கலேட்டர் ஆகாது, மதுரை ஜவுளிக்கடை விஷயம் உனக்கே தெரியும். லிஃப்ட் எங்கே என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள், இங்கிலீஷ் வராவிட்டாலும் கையைக் காட்டிக் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட்டுக்குப் பதிலாகத் தட்டுகிற ஈஸி-லிங்க் அட்டை வாங்க அவள் வரிசையில் நிற்க வேண்டாம். நான் வாங்கியது அப்படியே இருக்கிறது. அன்றைக்குப் பத்து வெள்ளி கொடுத்தேன், அதில் ஐந்து அட்டைக்கே போய்விட்டது, ஐந்துதான் பயணத்துக்கு. அப்புறம் நீ காசு ஏற்றிக் கொடுத்தாய். இன்னும் எட்டு வெள்ளி சொச்சம் இருக்க வேண்டும். ரயில்வே பாஸ் வைத்திருந்த அதே உறையில் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். உள்ளே போகும்போது ஒரு தட்டு, வெளியே வரும்போது ஒரு தட்டு. வெளியே தட்ட மறக்கக் கூடாது.

வண்டியில் எதுவும் தின்னக் கூடாது, தண்ணீரும் குடிக்கக் கூடாது, 500 வெள்ளி வரை அபராதம் என்று எழுதிப் போட்டிருந்தது. அம்மாவுக்கு சர்க்கரை. இறங்கியதும் ஏர்போர்ட்டிலேயே உட்கார்ந்து இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குள் போக வேண்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டேன். நீயும் போன் வந்ததும் முதலில் சாப்பிட்டாளா என்று கேள்.

ஏறிய வண்டி அவளை உன் வீடு வரைக்கும் கொண்டுவராது. அடுத்தது எக்ஸ்போ, அதற்கடுத்தது தானா மேரா, அங்கே இறங்கி மாற வேண்டும். இங்கேதான் கவனம். ‘துவாஸ் லிங்க்’ என்று போட்டிருக்கிற வண்டியில் ஏற வேண்டும். ‘பாசிர் ரிஸ்’ என்று போட்டதில் ஏறக் கூடாது. அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து மெதுவாகத்தான் வரும், அதனால் தாளில் இரண்டு பெயரையும் பெரிசாக எழுதி, ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு, மற்றதை அடித்துக் காட்டியிருக்கிறேன்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றைக்கு நான் வந்து சேர நேரமானபோது, இமிகிரேஷனில் கூட்டம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். நான் பாசிர் ரிஸ் வண்டியில் ஏறிவிட்டேன். சீமெய் போயிற்று, தெம்பனிஸ் போயிற்று, எல்லாரும் இறங்கிப் பெட்டி காலியான பிறகுதான் தெரிந்தது. முப்பத்தாறு வருஷம் ரயிலில் வேலை பார்த்தவன், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸுக்குக் கொடி காட்டுகிற கார்டாக இருந்தவன், திசை தெரியாமல் கடைசி ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒரு தமிழ்ப் பையன், கட்டட வேலைக்கு வந்தவன் போலிருக்கிறது, ‘எங்க போணும்யா’ என்று கேட்டு, திரும்பிப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டான். தப்பாகப் போனதற்குத் தனியாக எதுவும் பிடிக்கவில்லை. ஏறிய இடத்துக்கும் இறங்கிய இடத்துக்கும்தான் கணக்கு.

ஏர்போர்ட்டுக்கு நீ வரவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை. முதலில் வருகிறேன் என்றாய், நான் இறங்கி போனைப் போட்டதும் ‘ட்ரெயின்ல வந்துருங்கப்பா, ஈஸிதான்’ என்று செய்தி கிடந்தது. வேலை அப்படி. மாப்பிள்ளையும் ஊரில் இல்லை. அதனால்தானே நானே வரக் கற்றுக்கொண்டேன். எதிர்வீட்டு சார் அவர் மகன் ஊருக்குப் போனபோது வாசலில் கார் நின்றதாம், சொல்லிக்கொண்டே இருப்பார். நான் யார் துணையும் இல்லாமல் சிங்கப்பூரில் ரயில் ஏறி வந்தேன் என்றதும் பேச்சே இல்லை அவருக்கு.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பத்து நாள் அங்கே இருந்தும் உன்னிடம் சொல்ல முடியவில்லை. மேலே மின்கம்பி கிடையாது, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே மூன்றாவது தண்டவாளம் ஒன்று ஓடுகிறது, அதிலிருந்துதான் கரன்ட். ஆறே பெட்டி. காலாங் வரைக்கும் பாலத்து மேல் போகிற வண்டி, அது தாண்டியதும் பூமிக்குள் இறங்கிவிடுகிறது. ரெட்ஹில் வரும்போதுதான் மறுபடி வெளிச்சம். அம்மா பயந்துவிடப் போகிறாள் என்று தாளில் அந்த இரண்டு பெயருக்கும் நடுவே கறுப்பாகக் கோடு போட்டிருக்கிறேன். இடைவெளி பார்த்து இறங்குங்கள் என்று அறிவிப்பு தமிழிலும் வருகிறது. முதல் தடவை கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கடைசிப் பெட்டியில் கார்டு இல்லை. போய்ப் பார்த்தேன். கொடி காட்ட ஆள் இல்லாமலே வண்டி கிளம்புகிறது.

ராஃபிள்ஸ் பிளேஸில் வண்டி நின்றது. உன் ஆபீஸ் அங்கேதான் என்று நீ சொல்லியிருக்கிறாய். கதவு திறந்தது, கூட்டம் இறங்கிற்று, ஏறிற்று. இந்த மண்ணுக்கு மேலே எங்கேயோ ஒரு மாடியில் என் பாப்பா உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் டியூட்டிச் சாமான் வைக்கிற லைன் பாக்ஸ் மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்ட பிள்ளை. பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் சீனர், தூங்கிக்கொண்டிருந்தார்.

தானா மேராவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் லேக்சைட் இருபத்திரண்டாவது. எண்ணிக்கைதான் அம்மாவுக்கு நல்லது, பெயரெல்லாம் வாயில் நுழையாது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு புளியங்கொட்டை, பையில் இருபத்திரண்டு கொட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒன்று நின்றால் ஒன்றை மறுபக்கம் மாற்ற வேண்டும். கடைசிக் கொட்டைக்கு இறங்க வேண்டும். நீ லேக்சைட் ஸ்டேஷன் வாசலுக்கு மட்டும் வா. அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை, பிளாக் நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நார்த்தங்காய், பருப்புப்பொடி, குட்டிக்குச் சீடை, உனக்கு அந்த நீலச் சேலை எல்லாம் வருகிறது. உன் சித்தப்பா வீட்டு வளைகாப்பு நடந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்குத் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறாள். அவர் அளவு என்ன, எட்டா ஒன்பதா? இரண்டு தடவை போனில் கேட்டேன். ஒரு தடவை குட்டி அழுகிறான் என்று வைத்துவிட்டாய். இன்னொரு தடவை அப்புறம் சொல்கிறேன் என்றாய்.

நான் வந்த அன்றைக்கே பார்த்தேன் பாப்பா. உன் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டு. மேல் தட்டில் உன்னுடையது மூன்று ஜோடி, கீழே குட்டியுடையது இரண்டு. கார்டு வேலை பார்த்தவனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. வெளியூர் போகிறவர் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு போவார், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டா போவார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை பழப்பையோடு வந்தார். சோபா ஓரத்தில் உட்கார்ந்தார். உன்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். நீ சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாய்.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டும். பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணமாகி ஆறாவது மாசம் நீ ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணினாய். அம்மா தூங்கிவிட்டாள், நான்தான் எடுத்தேன். ‘அப்பா, நான் கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா’ என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. ‘வண்டி கிளம்பின பிறகு இறங்க நினைக்கக் கூடாதும்மா’ என்றேன். ஏதோ பெரிய புத்திமதி சொல்லிவிட்டது போல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். தூங்கவும் தூங்கினேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதிலிருந்துதான் ‘சரிப்பா, வைக்கட்டுமாப்பா’ ஆரம்பித்தது. எனக்கு அது தெரியும்.

நான் சொன்னது தப்பு. நான் பார்த்த வேலைக்கே அது துரோகம். கார்டு உட்காருகிற பிரேக் வேனில் அவர் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும், நீ சின்ன வயசில் தொடப்போய் அடி வாங்கியிருக்கிறாய். அதைத் திறந்தால் மொத்த வண்டியும் நின்றுவிடும். நிறுத்துவதற்காகத்தான் அது இருக்கிறது. அரியலூர் தாண்டி ஒரு ராத்திரி, முன்னால் ஒரு பெட்டியின் அடியில் புகையைப் பார்த்து நான் வண்டியை நிறுத்தினேன். சக்கரத்து ஆக்ஸில் கொதித்துப் போயிருந்தது. ஒன்றரை மணி நேரம் லேட். ஏன் நிறுத்தினாய் என்று ஒருத்தர்கூட என்னைக் கேட்கவில்லை. ஊரார் பெட்டிக்கெல்லாம் நிறுத்தினேன். நீ புகை வருகிறது என்று சொன்னபோது நான் நிறுத்தவில்லை.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவள் பார்ப்பதும் அந்த ஸ்டாண்டைத்தான். அதனால்தான் தபாலில் போடுகிறேன். அவளிடம் நீ என்ன சொல்ல நினைத்தாலும் சொல், சொல்லாமல் விட்டாலும் சரி. அவள் உன்னைக் கேள்வி கேட்டுத் துளைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிட்டாளா என்று மட்டும் கேள். வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே கேள்.

அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த தாளில் இன்னொரு பக்கமும் எழுதியிருக்கிறேன், திரும்பி வருகிற வழி. லேக்சைட்டில் ‘பாசிர் ரிஸ்’ என்று போட்ட வண்டியில் ஏற வேண்டும். அன்றைக்கு எனக்குத் தப்பாகப் போன வண்டிதான், உன் வீட்டிலிருந்து வரும்போது அதுதான் சரியான வண்டி. இருபத்திரண்டு ஸ்டேஷன். தானா மேராவில் மாறினால் ஏர்போர்ட். ரயிலுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள். அவள் ஒரு மாசம் இருப்பாள். நீயும் குட்டியும் அவளோடு கிளம்புவதென்றாலும் சரி, அதற்கு முன்னால் என்றாலும் சரி, பின்னால் என்றாலும் சரி. உன் அறையில் வைத்திருந்த அரிசி மூட்டையையும் பழைய ஃபேனையும் எடுத்துவிட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் வந்து நிற்பேன், எந்த நேரமானாலும்.

அப்பா

பி.கு.: மாப்பிள்ளை செருப்பு அளவு வேண்டாம். வாங்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குட்டி கால் வளர்ந்திருக்கும், அவன் அளவை மட்டும் எழுது.