ஒரு கம்பெனியின் தகடு, வேறு கம்பெனியின் மெஷின்: நீங்கள் விற்ற பழைய ரோட்டவேட்டர் குறித்த புகார்

பெறுநர்: கிளை மேலாளர், பழைய விவசாயக் கருவிகள் விற்பனைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

உங்கள் யார்டில் சித்திரைக் கடைசியில் நான் வாங்கிய 6 அடி ரோட்டவேட்டர் (டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) இப்போது எங்கள் களத்தில் பாதி கழற்றியபடி கிடக்கிறது. விலை 72,000 ரூபாய், முழுப்பணமும் வங்கி வழியாகக் கட்டியிருக்கிறேன். பழையது என்று தெரிந்துதான் வாங்கினேன். கத்தி தேய்ந்திருக்கும், ஆயில் சீல் போயிருக்கும், பேரிங் மாற்ற வேண்டிவரும், அதற்கெல்லாம் யாரும் புகார் எழுத மாட்டார்கள். இது எந்தக் கம்பெனி மெஷின், எந்த மாடல் என்று எங்கள் பக்கத்து மெக்கானிக், திருவண்ணாமலை ஸ்பேர் கடைக்காரர்கள் என யாராலும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விற்கும்போது உங்கள் ஆள் முன்சட்டத்தில் ரிவெட் அடித்திருந்த தகட்டைத்தான் காட்டினார். மாடல் எண், சீரியல் எண், தயாரிப்பு ஆண்டு 2016, கியர் டிரைவ், 42 கத்தி, எல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் தகட்டை நம்பித்தான் விலை பேசினோம், ஏனென்றால் பழைய கருவிக்கு ஜாதகம் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தகடுதான், அதை வைத்துத்தான் கத்தி முதல் கியர் வரை எல்லா உதிரியும் வாங்க முடியும்.

முதலில் சிக்கல் கத்தியில் வந்தது. தகட்டில் உள்ள மாடலுக்கு என்று கேட்டு எல் டைப் கத்தி (எல் எழுத்துபோல் வளைந்தது) ஒரு செட் வாங்கி வந்தேன். ஒரு போல்ட் உட்கார்ந்தால் அடுத்த ஓட்டை ஒரு விரல் தள்ளி நிற்கிறது. கடைக்காரர் வேறு கம்பெனிக் கத்தியைக் கொடுத்துப் பார்த்தார், அது நாலு ஃபிளான்ஜில் (கத்திகளை போல்ட் போட்டு மாட்டும் வட்டத் தட்டு) உட்கார்ந்தது, மீதி மூன்றில் உட்காரவில்லை. அப்போதுதான் ரோட்டரை, அதாவது இந்தத் தட்டுகளோடு சுற்றும் தண்டை, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். அந்த மூன்று ஃபிளான்ஜும் வேறு மெஷினில் இருந்து வெட்டி எடுத்து இதில் வெல்டிங் வைத்தவை. கத்திகள் திருகு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்க வேண்டும், இதில் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் அடிக்கிறது. ஓட்டும்போது டிராக்டர் ஏன் அப்படி உதறியது, பிடிஓ ஷாஃப்டில் (டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழல்விசை கொண்டுவரும் தண்டு) கிராஸ் என்கிற இணைப்பு ஏன் அவ்வளவு சீக்கிரம் உடைந்தது என்பதெல்லாம் அப்புறம்தான் விளங்கியது.

அடுத்து சைடு கவரைத் திறந்தோம். கியர் டிரைவ் என்றால் உள்ளே மேல், நடு, கீழ் என்று மூன்று பல்சக்கரம் இருக்க வேண்டும். இதில் இருப்பது செயின், அதுவும் தொய்ந்து போய், அதை இறுக்கும் டென்ஷனர் கடைசி வரை தள்ளி நிற்கிறது. கியர் ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டி கிரீஸை அடைத்து வைத்திருக்கிறீர்கள். கீழே சீல் போனது ஒழுகித் தெரியக் கூடாது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

தகட்டுக்குப் பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டினால் பட்டி வைத்து அடைத்த நாலு பழைய ரிவெட் ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி இப்போதுள்ள தகட்டோடு ஒத்துப்போகவில்லை. சிவப்பு பெயிண்டுக்குக் கீழே நீலம். கியர் பாக்ஸ் மேல் வார்ப்பில் இருந்த எழுத்தை கிரைண்டர் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள், அந்தத் தடம் விரலுக்குத் தட்டுப்படுகிறது. எல்லாவற்றுக்கும் போட்டோ இணைத்திருக்கிறேன்.

போனில் பேசியபோது "பழசுக்கு கியாரண்டி கிடையாது சார்" என்று முடித்துவிட்டார்கள். நான் கியாரண்டி கேட்கவே இல்லையே. சொன்ன பொருளைக் கொடுத்தீர்களா என்று கேட்கிறேன். பில்லில்கூட "பழைய கருவி 1" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், மாடலும் இல்லை, சீரியலும் இல்லை. தகடு உண்மையானதாக இருந்தால் அதை பில்லில் எழுத என்ன தயக்கம்?

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு அருகில் சுற்றும். ஒட்டுப்போட்ட ஃபிளான்ஜ் ஒன்று ஓட்டத்தில் விட்டுப்போனால் கத்தி எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது, ஓட்டும்போது பின்னால் கொக்கு விரட்டிக்கொண்டு பிள்ளைகள் வருவதை எந்த ஊரிலும் பார்க்கலாம். இதே யார்டில் இன்னும் வரிசையாகப் புது பெயிண்டில் நிறைய நிற்கின்றன, அவற்றையும் பிரித்துப் பாருங்கள்.

ஆடிப்பட்டத்துக்குக் கடலை போட வேண்டும், இப்போது அடுத்தவர் வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெஷினை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 72,000 ரூபாயையும், பொருந்தாத கத்திக்கும் உடைந்த கிராஸுக்கும் ஆன பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தகடு எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. விவசாயக் கருவி வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, சொந்த உழைப்பில் பிழைக்க வாங்கியவரையும் அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. அதுவரை மெஷினை இப்படியே கழற்றிய நிலையில் வைத்திருப்பேன், உங்கள் மெக்கானிக் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
கலசபாக்கம் பக்கத்து விவசாயி

இணைப்பு: பில் நகல், வங்கி ரசீது, போட்டோக்கள்