பொருள் வரியில் ஒரு மாணவியின் பெயர்

பெறுநர்: தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், பதிவாளர்கள், உள்ளகப் புகார்க் குழுக்களின் தலைவர்கள்.

மதிப்பிற்குரியீர்,

பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவாளர் அலுவலகத்தில் தபால் பிரிவு உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். பாலியல் தொல்லை குறித்து மாணவியர் தரும் புகார்கள் நம் அலுவலகங்களில் எந்தெந்தக் கைகளைக் கடந்து செல்கின்றன என்பதை, அந்தத் தாள்களை வாங்கி எண் போட்டவன் என்ற முறையில் அறிவேன். அதைச் சொல்லவே இந்தத் திறந்த மடல்.

ஆய்வு மாணவி ஒருவர் தம் நெறியாளர் மீது எழுதிய புகார் ஒருநாள் ஒட்டிய உறையில் எங்கள் பிரிவுக்கு வந்தது. 'மந்தணம்' (இரகசியம்) என்று குறிக்கப்படாத உறைகளைப் பிரித்துத் தபால் பதிவேட்டில் ஏற்றுவது எங்கள் வழக்கம்; அதன்படி உறை பிரிக்கப்பட்டது, அனுப்பியவர் பெயரும் சுருக்கமும் எழுதப்பட்டன. இரண்டு நாளில் விசாரணைக்கான அழைப்புக் கடிதம் தயாரானது. அதன் 'பொருள்' வரியில் துறையின் பெயர், மாணவியின் பெயர், பாலியல் புகார் என்ற சொல், எல்லாம் இருந்தன. துறைத்தலைவர், விடுதிக் காப்பாளர் ஆகியோருக்கு நகல் குறிக்கப்பட்டிருந்தது. அந்த வரைவில் என் சுருக்கொப்பமும் இருந்தது. மாலைத் தேநீர் வேளைக்குள் சிற்றுண்டிச்சாலையில் அது பேச்சாகிவிட்டது. பதினோராம் நாள் அவர் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதித் தந்தார். அந்தக் கடிதமும் அதே ந.க. எண்ணில் (கோப்பு எண்ணில்), அதே பொருள் வரியோடு, அதே பதிவேட்டில் ஏறியது.

இந்த வரிசையில் யாரும் அவருக்குத் தீங்கு நினைக்கவில்லை. விடுப்பு விண்ணப்பத்துக்கும் பயணப்படிக் கோரிக்கைக்கும் என்ன செய்வோமோ அதையே செய்தோம். ஆகையால்தான், 'இரகசியம் காக்கப்படும்' என்று சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதால் எதுவும் மாறாது என்கிறேன். கசிவது பெரும்பாலும் அலுவலகத்தின் வழக்கத்திலிருந்து; மாற்ற வேண்டியதும் அந்த வழக்கத்தைத்தான்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் பரவியதற்கு, இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மென்பொருள் மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28 அன்று, இந்தக் கசிவுக்காக மட்டும் அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் பொள்ளாச்சி பாலியல் வழக்கில் காவல்துறை உயர் அதிகாரி செய்தியாளர்களிடமே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைச் சொன்னதும், பின்னர் வந்த அரசாணையிலும் பெயர் இடம்பெற்றதும் நினைவிருக்கலாம். ஓரிடத்தில் கோளாறு, ஓரிடத்தில் கவனக்குறைவு. பெயரை இழந்த பெண்ணுக்கு இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

சட்டத்தில் குறை இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன் 16-ஆம் பிரிவு, புகார்தாரர், எதிர்மனுதாரர் (புகாருக்கு உள்ளானவர்), சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை நடவடிக்கைகளையும் வெளியிடக் கூடாது என்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காட்டியும் அவற்றைக் கேட்டுப் பெற முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் இதே கடமையை நம் வளாகங்களுக்கு விதிப்பதோடு, பாலின வன்முறைக்கு ஆளாகும் ஆண் மாணவர்களையும் மூன்றாம் பாலினத்தவரையும் கணக்கில் கொள்கின்றன. மீறுவோரிடமிருந்து வசூலிக்க வேண்டிய தொகை ஐயாயிரம் ரூபாய் என்று விதி சொல்கிறது. சிறிய தொகைதான், அதையும் யாரிடமிருந்தும் பிடித்ததாக என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

பெயரை அடித்துவிட்டால் போதும் என்ற நினைப்பு நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தச் செய்தியையும், மறைமுகமாகக்கூட, வெளியிடலாகாது என்று தெளிவுபடுத்தியது. எட்டே ஆய்வு மாணவர்கள் உள்ள துறையில் 'ஆய்வு மாணவி ஒருவர்' என்று எழுதினாலே அது யாரென்று துறைக்குத் தெரிந்துவிடும். ஆண்டறிக்கையில் புகார்களின் எண்ணிக்கையைத் தர வேண்டியது சட்டக் கடமை. அதைத் துறைவாரியாகப் பிரித்து அட்டவணை போடுவது தேவையற்ற துல்லியம்.

என் கோரிக்கை முதலில் தபால் பிரிவைப் பற்றியது. இத்தகைய புகார் எதுவும் அந்த மேசைக்கே வரக் கூடாது. இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் தலைவரே நேரில் வாங்கி, தம் கையால் ஒப்புகை தந்து, அதற்கு ஓர் எண் இடட்டும். அந்த எண்ணில் துறையின் சுருக்கமோ சேர்ந்த ஆண்டோ ஒளிந்திருக்க வேண்டாம். எண்ணையும் பெயரையும் இணைக்கும் தாள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் தலைவரின் பூட்டுக்குள். மற்றக் கடிதங்கள், குறிப்புகள், நிதி ஒப்புதல்கள் அனைத்திலும் அந்த எண் மட்டுமே வரட்டும். மின்னஞ்சலில் பெறுவதானால், மூன்று உதவியாளர்களுக்குக் கடவுச்சொல் தெரிந்த அலுவலக முகவரி அதற்கு உதவாது. சிவப்பு மையில் 'மந்தணம்' என்று முத்திரை குத்தி அலுவலக உதவியாளர் கையில் கொடுத்தனுப்புவதும் வேண்டாம்; அந்த முத்திரையைப் பார்த்ததும் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர்களை நான் அறிவேன்.

அழைப்பதிலும் கவனம் வேண்டும். வகுப்பு நடக்கும்போது ஆள் அனுப்பி, 'கமிட்டியில் கூப்பிடுகிறார்கள்' என்று வாசலில் நின்று சொல்ல வைப்பதைவிட ஒலிபெருக்கியில் அறிவித்துவிடலாம். விசாரணைக்கு வந்த நாளுக்கான வருகைப்பதிவை மற்ற மாணவர்களுக்குத் தருவதுபோல் ஓ.டி. (ஆன் டியூட்டி) என்று மட்டும் குறித்தால் போதும், காரணம் எழுதத் தேவையில்லை. இரு தரப்பினரையும் ஒரே நடைவழியில் ஒரே பெஞ்சில் காத்திருக்க வைப்பதையும் நிறுத்துங்கள்.

எதிர்மனுதாரருக்கு ஏழு நாளுக்குள் புகாரின் நகல் தரப்பட வேண்டும் என்பது விதி. அது இயற்கை நீதியும் கூட. இதைப் புகார் தரும் மாணவியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 'யாருக்கும் தெரியாது' என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அவர் பெயரோடு நகல் அனுப்புவது ஏமாற்று. ஆனால் அந்த நகலில் அவருடைய கைப்பேசி எண்ணும் விடுதி அறை எண்ணும் வீட்டு முகவரியும் இருக்க வேண்டிய அவசியம் என்ன?

மாணவர் தொடர்பான புகார்களில் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இடம்பெறுகிறார்கள். பேராசிரியர்களும் இருக்கிறார்கள், அலுவலர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கென ஒரு வாட்ஸப் குழு தொடங்கி, வாக்குமூலங்களைப் படமெடுத்து அதில் போடும் பழக்கம் வந்துவிட்டது. அந்தப் படம் ஒருவருடைய கைப்பேசியில் குழந்தையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே சேமிக்கப்படுகிறது. கைப்பேசி பழுதானால் கடைக்குப் போகிறது. பதவிக்காலம் முடிந்த பிறகும் அங்கேயே இருக்கிறது. வாக்குமூலத்தைக் கூட்ட அறையில் படித்துவிட்டுத் திருப்பித் தருவதே சரி.

பெற்றோரிடம் சொல்வதைப் பற்றியும் குறிப்பிட வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த ஒருவரின் புகாரை அவர் ஒப்புதலின்றி வீட்டுக்குத் தெரிவிப்பதை அக்கறை என்று நாம் அழைக்கிறோம். தொல்லை கொடுத்தவர் வளாகத்திலேயே இருக்க, புகார் கொடுத்த பெண் படிப்பை விட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படுவதுதான் பல வேளைகளில் அந்த அக்கறையின் முடிவு.

இவ்வளவையும் படித்துவிட்டு, இரகசியத்தின் பெயரால் எல்லாவற்றையும் மூடிவைக்க இம்மடலைச் சான்றாகக் காட்டிவிடாதீர்கள். நிறுவனத்தின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதற்காக 'வெளியே பேசக் கூடாது' என்று மாணவியிடமே எழுதி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அடையாளத்தைக் காட்டாமல், கிடைத்த நீதியைப் பற்றிய செய்தியை வெளியிடலாம் என்று அதே 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் எழுத்தால் அனுமதித்தால் அவர் பெயரை வெளியிடலாம் என்கிறது. அந்தப் பெயரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கே உரியது, குழுவுக்கோ பதிவாளருக்கோ உரியதன்று.

கடைசியாக ஒன்று. நான் குறிப்பிட்ட தபால் பதிவேடு நான் ஓய்வுபெற்ற நாளிலும் பதிவறையில், எவரும் எடுத்துப் புரட்டக்கூடிய அலமாரியில்தான் இருந்தது. உங்கள் பதிவறைகளிலும் அத்தகையவை இருக்கும். பொறுப்பான பெண் அலுவலர் ஒருவரை நியமித்து, பழைய பதிவேடுகளையும் முடிந்த கோப்புகளையும் பிரித்தெடுத்து, உறையிட்டு முத்திரை வைத்து, குழுத் தலைவரின் பொறுப்பில் ஒப்படைக்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்