பட்டன் அமத்தின மகளுக்கு

மட்டக்களப்பு,
மே 2024

அன்பு மகள்,

"முழு நாளும் பட்டன் அமத்தினதுதான் அப்பா, மைக் பக்கமே போகல்ல" என்று, வாக்குப் போடும் கருவியைப் பற்றிப் போனில் சலித்துக்கொண்டாய். அந்த நேரம் எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

உங்கள் ஐக்கிய மெதடிஸ்த திருச்சபையின் ஜெனரல் கொன்பரன்சை, பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடித் தீர்மானம் எடுக்கும் அந்தக் கூட்டத்தை, நாங்களும் நேரலையில் பார்த்தோம். அமெரிக்காவில் சார்லட்டில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. அம்மா தேத்தண்ணியோடு வந்து உட்காருவா. அத்தனை மேசைக்குள் உன்னை எங்கே கண்டுபிடிப்பது!

எங்கள் ஊர்ச் சபைகளின் சேகரக் கூட்டத்தில் கூரை ஓடு மாற்றவே இரவாகும்வரை சண்டை பிடிப்போம். அங்கே என்றால், தன்பாலீர்ப்புள்ளவர்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கக்கூடாது என்று 1984 முதல் இருந்த தடையை வேறு தீர்மானங்களோடு ஒரே கட்டாக வைத்து, விவாதமே இல்லாமல் 692க்கு 51 என்று நீக்கிவிட்டீர்கள். இங்கே சிலர் முகம் சுளித்தார்கள். நீ எந்தப் பட்டனை அமத்தினாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஏப்ரல் 25 வாக்குத்தான். ஆபிரிக்கா, ஐரோப்பா, பிலிப்பைன்ஸ், அமெரிக்கா என்று ஒவ்வொரு பிராந்தியமும் தன் சபை ஒழுங்குகளில் ஒரு பகுதியைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்று 586க்கு 164 வாக்கால் எடுத்தீர்களே, அது. இலங்கை மெதடிஸ்தருக்குச் சொந்தக் கொன்பரன்ஸ் கிடைத்தது 1964 இல். அதுவரை கடைசிச் சொல் பிரித்தானியக் கொன்பரன்சுடையது. இங்கே இருந்து பேசித் தீர்க்க வேண்டியதற்கெல்லாம் கடலுக்கு அப்பால் முகம் பார்த்து இருந்த காலம் அது. அதனால் உன் பட்டனை நான் லேசாக நினைக்கமாட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. விசா கிடைக்காமல் ஆபிரிக்கப் பிரதிநிதிகள் பலர் வரவேயில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தானே முடிவெடுத்தீர்கள்?

கூட்டம் முடிந்தது மே 3 ஆம் திகதி. தோமஸ் கோக் நடுக்கடலில் கப்பலில் இறந்து கிடக்கக் கண்டதும் 1814 மே 3 இல்தான். யாராவது அங்கே சொன்னார்களா? 1784 இல் பால்டிமோரில் உங்கள் அமெரிக்கச் சபை உருவானபோது முதல் பேராயர்களில் ஒருவர் அவர். வயதான காலத்தில் இலங்கைக்கு மிஷனரிமாரைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் போய்விட்டார். அந்தப் பயணத்தில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் வில்லியம் ஓல்ட். அதே ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், அடுத்த ஏப்ரலில் அவரும் இல்லை. ஆக, நீ இருந்த மண்டபமும் நம் புளியந்தீவும் ஒரே வீட்டுக்காரர்தான்.

சரி, வேலைக்கு வருவோம். அந்தப் பிராந்திய ஏற்பாடு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு பகுதிச் சபைகளும் கூடும் வருடாந்த மாநாடுகளின் மொத்த வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டுமாம். உன் மாநாட்டிலும் எடுப்பார்கள். அங்கே எழும்பு, மகள். இரண்டு நிமிஷம் போதும். 1964க்கு முன் எங்களுக்கு எப்படி இருந்தது, பிறகு எப்படி என்று சொல். விசா விஷயத்தையும் விடாதே. விவரம் தேவையென்றால் சேகரத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதி அனுப்புகிறேன்.

மத்தியானத்தில் சோறு ஏதும் தந்தார்களா என்று அம்மா கேட்கச் சொன்னா.

அன்புடன்,
அப்பா