மீதி என்ன என்றும் எழுதுங்கள்

நம் நாட்டுப் போதைப்பொருள் ஆய்வகங்களில் பணிபுரியும் வேதியியலர்களுக்கு,

வணக்கம். போதைப்பொருள் வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞர் நான். போன மாதம் கைக்கு வந்த ஆய்வறிக்கையில் முடிவு ஒரே வரி: ‘மாதிரியில் டைஅசிட்டைல்மார்ஃபின் உள்ளது.’ சரி, ஹெராயின் இருக்கிறது. அந்தப் பழுப்புத் தூளில் மீதி என்ன? அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஏன் என்று தெரியும். 2008-இல் மைக்கேல் ராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படத்தைக் கழித்து அசல் சரக்கின் எடையை மட்டும் பார்க்கச் சொன்னது. அதில் பிடிபட்டது 4 கிலோவுக்கு மேல். உள்ளே ஹெராயின் 60 கிராம்தான். 2020-இல் ஹீரா சிங் தீர்ப்பு இதைப் புரட்டிப்போட்டது. மொத்த எடைதான் கணக்கு, அதனால் மீதி என்ன என்று நீதிமன்றம் கேட்பதில்லை. 300 கிராம் பொட்டலத்தில் 12 கிராம்தான் ஹெராயின் என்றாலும், 250 கிராமைத் தாண்டியதால் அது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு சிறை. எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை. நீதிமன்றம் கேட்கவில்லை என்பதற்காக நீங்களும் எழுதாமல் விடலாமா?

கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியின் வரைபடத்தில் அது உங்கள் கண்ணுக்குத் தெரியத்தானே செய்கிறது! பெரும்பாலும் பாராசிட்டமால், காஃபீன் சிகரங்கள் முன்னால் எழும்பும். ஹெராயின் பின்னால்தான் வரும். காஃபீனை வெறும் எடைக்காகச் சேர்ப்பதில்லை, புகைக்கும்போது ஹெராயின் ஆவியாக அது துணைபோகிறது. கொகெய்னில் லெவமிசோல் கலந்திருந்தால் விஷயம் இன்னும் மோசம். கால்நடைக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து அது. சிலருக்கு வெள்ளை அணுக்களையே சரித்துவிடும். காய்ச்சலோடு வந்து படுப்பவனைப் பார்க்கும் மருத்துவருக்கு யார் சொல்வது?

நெதர்லாந்தில் 1992 முதலே போதை மாத்திரைகளைச் சோதித்து எச்சரிக்கிறார்கள். 2014 டிசம்பரில், எக்ஸ்டசி என்று விற்ற இளஞ்சிவப்பு ‘சூப்பர்மேன்’ மாத்திரையில் பிஎம்எம்ஏ என்ற, உயிரைப் பறிக்கக்கூடிய வேறொரு போதைப்பொருள் இருப்பதைக் கண்டு அங்கே ஊரறியச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் அதே மாத்திரையால் பிரிட்டனில் உயிர்கள் போயின.

போதைப்பொருள் மாதிரிகள் பற்றிய 2022 விதிகள் 15 நாளில் அறிக்கை கேட்கின்றன, மாதிரிகளோ குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் அளந்து சதவீதம் போடச் சொல்லவில்லை. கண்ட பொருளின் பெயரை எழுதுங்கள். வழக்கு விவரத்தை நீக்கிவிட்டு அதையே அரசு மருத்துவமனைகளின் நச்சு சிகிச்சைப் பிரிவுக்கும் அனுப்புங்கள். எனக்கு வந்த அறிக்கையில் அந்த ஒரு வரிக்குக் கீழே பாதித் தாள் காலியாகவே இருந்தது.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்